சங்கரலிங்கத்தின் கடிகாரக் கணக்கு

அருப்புக்கோட்டை பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்த சங்கரலிங்கம் கணக்கில் புலி. அப்படி யார் சொன்னது என்று கேட்டால், அவரேதான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரருக்கு ஒரு புதிரைப் போட்டு, அவர் முழிப்பதைப் பார்த்த பிறகுதான் இவருக்குச் சோறு இறங்கும்.

மகன் ஹரிக்குப் பெண் பார்க்கத் திருச்சுழிக்குப் போனபோதும் கையோடு ஒரு புதிரைக் கொண்டு போனார். பெண்ணின் அப்பா நல்லகண்ணு அங்கே பலசரக்குக் கடைக்காரர். பெண் தங்கச்செல்வி, பிளஸ் டூ முடித்தவள். காபித் தம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்தவளிடம் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"ஏம்மா, நாளைக்குக் கல்லாவுல உக்காரப் போற பிள்ளை. ஒரு நாளைக்கு இந்தச் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் எத்தனை தடவை ஒன்னு மேல ஒன்னு வந்து நிக்கும்? சொல்லு பாப்போம்."

அவள் கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருபத்திரெண்டு மாமா."

சங்கரலிங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். "மணிக்கு ஒருக்காச் சேருது. ஒரு நாளைக்கு இருபத்திநாலு மணி. மிச்சம் ரெண்டை எங்கம்மா தொலைச்சே?"

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெண் வீட்டார்தான் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார்கள். சம்பந்தம் கூட வேண்டுமே.

"இல்ல மாமா, பதினொன்னுக்கு மேல..." என்று அவள் ஆரம்பித்ததை, "பெரியவுககிட்ட எதுத்துப் பேசாத" என்று நல்லகண்ணு அமுக்கினார்.

பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. இலை போடச் சொன்னதை மறுத்துவிட்டுக் கிளம்பிய சங்கரலிங்கம், "பொண்ணுக்குக் கணக்கு பத்தலை" என்று மறுநாளே சொல்லி அனுப்பினார். ரெண்டைத் தொலைத்த பெண்ணின் கதையைப் பஜாரில் கடை கடையாகச் சொல்லியும் வந்தார். ஹரிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அப்பாவிடம் அதைச் சொல்லும் தைரியம் இல்லாததால், அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டான்.

ஒரு மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி சரஸ்வதி, கல்யாணப் பரிசுக்கென்று விற்க வாங்கி அடுக்கியிருந்த சுவர்க் கடிகாரங்களில் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"என்னங்க, பன்னெண்டுல வச்சுத் திருப்புறேன். சேர்றதை எண்ணுங்க."

எண்ணினார். ஒன்றைத் தாண்டி ஒரு தடவை, இரண்டைத் தாண்டி ஒரு தடவை என்று பத்து வரைக்கும் ஒழுங்காக வந்தது. பதினொன்றுக்கு மேல் பெரிய முள் துரத்தத் துரத்தச் சின்ன முள் பிடி கொடுக்காமல் நகர்ந்துகொண்டே போய், பன்னிரண்டில்தான் அகப்பட்டது. மொத்தம் பதினொன்று.

"கடியாரத்துல கோளாறு" என்றார்.

சரஸ்வதி இன்னொன்றைப் பிரித்தாள். பிறகு இன்னொன்று. பாதிப் பெட்டிகள் காலியான பிறகும் ஒரு கடிகாரம்கூட மாப்பிள்ளை வீட்டாருக்குச் சாதகமாகப் பேசவில்லை.

"பகலுக்குப் பதினொன்னு, ராவுக்குப் பதினொன்னு. அந்தப் பிள்ளை எதையும் தொலைக்கல. நீங்கதான் நல்ல மருமகளத் தொலைச்சுட்டு நிக்கிறீக."

'பதினொன்னுக்கு மேல' என்று தங்கச்செல்வி ஆரம்பித்த அந்த அரைப் பேச்சு, அன்றிலிருந்து சங்கரலிங்கத்தின் காதைவிட்டுப் போக மறுத்தது.

வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் மனைவி, மகனோடு திருச்சுழி பஸ் ஏறினார். வழி நெடுகக் கருவேலங்காட்டைப் பார்த்தபடி ஒரு பொய்யைத் தயார் செய்தார். சாதகத்தை மறுபடி பார்த்தோம், அமோகப் பொருத்தம் என்று சொல்லிவிட்டால் கடிகாரத்தை இழுக்காமலே காரியம் முடிந்துவிடும்.

நல்லகண்ணு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்திருந்தார். "அண்ணாச்சி, மொதல்ல பிள்ளை ஒன்னு சொல்லிரட்டும். சொல்லும்மா."

தங்கச்செல்வி தரையைப் பார்த்து ஒப்பித்தாள். "அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன் மாமா. இருபத்திநாலுதான்."

சாதகப் பொய் சங்கரலிங்கத்தின் தொண்டையிலேயே நின்றது. ஹரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லம்மா. இருபத்திரெண்டுதான். நாந்தான் தெரியாம..."

நல்லகண்ணு நெகிழ்ந்துபோனார். "பாத்தீகளா! பிள்ளை மனசு நோகக்கூடாதுன்னு தப்பைத் தன் தலையில போட்டுக்கிறாக. பெரிய மனுசன்னா இவுகதான்யா!"

கூட்டம் ஆமாம் போட்டது. அந்தப் பட்டத்துக்காக வாழ்நாளெல்லாம் அலைந்த மனிதருக்கு, அது கைக்கு வந்த நேரத்தில் எங்கேயாவது ஓடிப்போனால் தேவலை என்றிருந்தது.

தங்கச்செல்வி நிமிர்ந்தாள். "அப்பா நம்பல மாமா. நீங்களே திருப்பிக் காட்டுங்க" என்று சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

பாயில் சம்மணமிட்டுச் சங்கரலிங்கம் முள்ளைத் திருப்பினார். வாய்விட்டு எண்ணவும் செய்தார். பதினொன்றோடு எண்ணிக்கை நின்றது. அன்றைக்கு அப்படிச் சிரித்தவர்களில் ஒருவர்கூட இன்றைக்குச் சிரிக்கவில்லை. யாராவது சிரித்துத் தொலைக்க மாட்டார்களா என்று அவர் ஏங்கினார்.

"மணி என்ன?" என்று தங்கச்செல்வி ஹரியிடம் கேட்டாள். அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தடுமாறிச் சொன்னபடி முள்ளைச் சரியாக வைத்து, கடிகாரத்தை மாட்டினாள்.

"கை நனைச்சுட்டுப் போங்க மாமா" என்றாள்.

சரஸ்வதிக்கு முகமெல்லாம் மலர்ந்தது. இலை விழுந்தது. பக்கத்து இலையில் உட்கார்ந்த நல்லகண்ணு உற்சாகமாக, "இன்னொரு கணக்குப் போடுங்க அண்ணாச்சி" என்றார்.

சங்கரலிங்கம் குனிந்து, ஏற்கெனவே பிசைந்த சோற்றை மறுபடியும் பிசைந்தார்.