பல் உடைந்த சக்கரம்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்பானர் அக்கா என்று பெயர். சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், மருந்து வண்டி என்று உருளுகிற எதுவும் அவள் கையைத் தாண்டித்தான் வார்டுக்குப் போகும். பிரேக் பிடிக்காத நாற்காலி ஒன்றை "சும்மா ரெண்டு நாள் ஓட்டிக்கலாமே" என்று சொன்ன டாக்டரிடம், "அப்ப நீங்க உட்காருங்க, சரிவுல நான் தள்ளிவிடறேன்" என்றவள். மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கு மூக்கிலிருந்து அரை அடி முன்னால் நடந்து போகும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாத்தனார் இரவல் வாங்கிப் போயிருந்த குழந்தை வண்டியைப் பால்கனியில் போட்டுக் கழுவ உட்கார்ந்தாள். நாத்தனார் என்றால் கணவனின் ஒரே தங்கை. தன் இரண்டு வயதுக் குழந்தையோடு ஐந்து நாள் கடற்கரை ஊருக்குப் போய்விட்டு, முந்தின நாள் மாலை வண்டியை வாசலில் நிறுத்தி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி" என்று சொல்லிக்கொண்டே ஓடிவிட்டாள்.

சீட் துணியைக் கழற்றி உதறியதும் பிஸ்கட் தூள் மழையாகக் கொட்டியது. கூடவே ஒற்றைக் காலுறை, காய்ந்த வாழைப்பழத் தோல், எதனோடோ ஒட்டிப்போன மிட்டாய். இடுப்பு வாரின் கொக்கிக்குள் பால் சிந்தி, காய்ந்து, அழுத்தினால் திறக்க மறுத்தது. பழைய டூத்பிரஷை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கித் தேய்த்தாள். வாரை ஊறப்போடக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது, நிழலில்தான் காயவைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தவளிடம் கடன் வாங்கிவிட்டு இப்படியா திருப்பிக் கொடுப்பது?

"நேத்தே சொன்னேன்ல உங்க அண்ணன்கிட்ட" என்று இல்லாத நாத்தனாரைப் பார்த்துப் பேசினாள். நேற்று அவள் புலம்பியபோது கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவ எப்பவுமே அப்படித்தான், பொறுப்பு கிடையாது" என்று ஒத்து ஊதியிருந்தான்.

முன்சக்கர அச்சில் தலைமுடி நூல்கண்டு போலச் சுற்றியிருந்தது. கத்தரி நுனியால் அறுத்து அறுத்து எடுத்தாள். சக்கரத்தைக் கழற்றித் தட்டியபோது கைப்பிடி அளவு மணல் விழுந்தது. கைப்பிடிக் கம்பியில் பச்சை நைலான் கயிறு ஒன்று வேறு முடிச்சு மேல் முடிச்சாகத் தொங்கியது. "துணி காயப் போட்டாளா, மாடு கட்டினாளா?" உள்ளே பதினோரு மாத மகள் பாத்திர மூடியைத் தரையில் அடித்து அம்மாவுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பின்சக்கரத்துக்கு வந்தாள். பிரேக் பெடலை மிதித்தால் இரண்டு பக்கமும் ஓர் இரும்பு முள் சக்கரத்து உள்வளையத்தின் பல்லிடுக்கில் போய் விழ வேண்டும். மிதித்தாள். இடப்பக்கம் சத்தமே இல்லை. குனிந்து பார்த்தாள். முள் வளைந்திருந்தது. வளையத்தில் மூன்று பற்கள் உடைந்து போயிருந்தன. அச்சு ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. வலப்பக்க முள்ளும் பேருக்குத்தான் தொட்டது. கையால் தள்ளியதும் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

அதுவரை இருந்த கோபம் அடுப்பில் வைத்த வெந்நீர் என்றால், இது அடுப்பே பற்றிக்கொண்ட மாதிரி. ஈரக் கையோடு போனை எடுத்தாள்.

"அழுக்கு பண்ணினே, போகட்டும்னு விட்டேன். பிரேக்கை உடைச்சுட்டு, ஒரு வார்த்தை சொல்லாம வாசல்ல வெச்சுட்டு ஓடறியே! நாளைக்கு நான் என் பொண்ணை இதுல உட்கார வெச்சிருந்தா? உனக்கும் ஒரு குழந்தை இருக்குல்ல?"

நாத்தனார் நிதானமாகக் கேட்டாள்: "முடிச்சிட்டீங்களா அண்ணி?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

"அழுக்கு என் தப்பு. பஸ் விட்டா அடுத்த பஸ் ரெண்டு மணி நேரம் கழிச்சு, அதான் துடைக்கல. ஆனா பிரேக் நீங்க குடுக்கும்போதே உடைஞ்சிருந்துச்சு. போன அன்னிக்கே பார்த்துட்டு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். 'உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாதே, வந்ததும் நானே சரி பண்றேன்'னு சொல்லுச்சு. அஞ்சு நாளும் அந்தக் கயித்தை மணிக்கட்டுல சுத்திக்கிட்டு, நிறுத்தற இடத்துலெல்லாம் கல்லு தேடி வெச்சேன். கேட்டுப் பாருங்க."

போன் வைக்கப்பட்டது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வண்டியைச் சோதிப்பது அவள் வழக்கம். நாத்தனார் வாங்கிப் போவதற்கு முந்தின ஞாயிறு மட்டும் கணவன், "நீ படு, நானே துடைச்சு வெச்சுட்டேன்" என்றிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் மறுநாள் ஆஸ்பத்திரியில் நாலு பேரிடம் புருஷன் பெருமை பேசினாள். அதே திங்கட்கிழமை காலை இந்த வண்டியில்தான் மகளை வைத்து, குழந்தைகள் காப்பகத்துக்குப் போகும் இறக்கத்தில் தள்ளிக்கொண்டு போனாள். கை எடுக்காமல் போனது தற்செயல்.

பதினொரு மணிக்குக் கணவன் காய்கறிப் பையோடு வந்தான். பெயிண்ட் கடையில் விற்பனையாளன். எந்த வாடிக்கையாளரையும் பேசிச் சமாளிக்கிற வாய். பால்கனியில் கவிழ்ந்து கிடந்த சக்கரத்தைப் பார்த்ததும் அந்த வாய் அடைத்துப் போனது.

"சொல்லுங்க" என்றாள்.

"அது வந்து... சூப்பர்மார்க்கெட் சரிவுல, ஒரு போன் வந்துச்சு. ஒரு நிமிஷம்தான் கையை எடுத்தேன். உருண்டு போய்த் தூண்ல இடிச்சுடுச்சு. பாப்பாவுக்கு ஒரு கீறல் கூட இல்ல, சத்தியமா. சிரிச்சா, தெரியுமா? தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு..."

"யார் தலைக்கு?" என்று அவள் கத்தியதில் உள்ளே மூடித் தாளம் நின்றது. "உங்க தலையா அது? பதினோரு மாசக் குழந்தையோட தலை!"

"இப்படி ஆடுவேன்னு தெரிஞ்சுதான் சொல்லல."

"ஓ. நான் கோபக்காரி. அதனால பிரேக் இல்லாத வண்டியில குழந்தையை உட்கார வெச்சு, என்னையே தள்ளச் சொல்லி அனுப்பினீங்க. ஒரு நாள் முழுக்கக் கோபப்பட்டுட்டு ராத்திரி சோறு போட்டிருப்பேன். அது அவ்வளவு பயமா?"

அவன் பையைக் கீழே வைத்தான். தக்காளி ஒன்று உருண்டது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"இன்னொண்ணு கேக்கறேன்" என்றாள், இப்போது சத்தம் இல்லாமல். "தங்கைக்கு வண்டியைக் குடுத்து அனுப்புன்னு சொன்னது யாரு? நானா?"

அவன் சட்டைப் பையிலிருந்த போனைத் தடவினான்.

"அவ கேக்கக்கூட இல்ல. நீங்களா எடுத்துக் குடுத்தீங்க. திரும்பி வரும்போது உடைஞ்சிருந்தா பழி அவ தலையில விழும். நேத்து நான் திட்டும்போது 'பொறுப்பு கிடையாது'ன்னு வேற சொன்னீங்களே, நாக்கு கூசல?"

"அவ்வளவு யோசிச்செல்லாம் பண்ணல..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "கொஞ்சம் யோசிச்சேன்" என்றான் தரையைப் பார்த்து.

அவள் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். நாத்தனார் வீட்டுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், இரண்டு பஸ். வழி முழுக்கப் பல்லைக் கடித்தபடி வந்தாள். கோபம் கணவன் மீது பாதி, காரணம் கேட்காமலேயே வாய்க்கு வந்ததைக் கொட்டிய தன் மீது பாதி.

நாத்தனார் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றாள் ஸ்பானர் அக்கா. "விசாரிக்காம பேசிட்டேன். 'உனக்கும் குழந்தை இருக்குல்ல'ன்னு கேட்டது பெரிய தப்பு."

"ஆமா, பெரிய தப்புதான்" என்று நாத்தனார் இடது கையை நீட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிக் கயிறு உரசிய தோல் சிவந்து உரிந்திருந்தது. "இதோட வந்து இறங்கினவளைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்டீங்க. நான் ஒண்ணும் சட்டுனு மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம்."

"நானும் ஊமை மாதிரி இருந்திருக்கக் கூடாது. அண்ணன் சொல்லுச்சுன்னு வாயை மூடிக்கிட்டேன். குழந்தை விஷயத்துல யார் சொன்னாலும் மூடியிருக்கக் கூடாது." குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். "உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கா பாருங்க, தலையெல்லாம் வேர்வை."

தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் நாத்தனார் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அடுத்த பத்து நிமிடம் அவள் பேசிய பேச்சில் ஸ்பானர் அக்காவே இரண்டு முறை நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்தக் குடும்பத்தில் கோபக்காரி தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

புது அச்சும் உள்வளையமும் வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை கணவன்தான் தினமும் மகளைத் தோளில் சுமந்து காப்பகத்துக்கு நடந்தான். பாகங்களை அவனே பூட்டினான். அவள் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, தப்பாகப் பூட்டியபோது "கழட்டு" என்று மட்டும் சொன்னாள். மரியாதையான "ங்க" அந்த ஒன்பது நாளும் அவள் வாயில் வரவில்லை. பிறகு பதினைந்து கிலோ தண்ணீர்க் கேனை சீட்டில் கட்டி, ஆஸ்பத்திரிச் சரிவில் நிறுத்தி, கையை எடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். வண்டி நகரவில்லை.

"இனிமே நான் தள்ளலாமா?" என்று கணவன் கேட்டான்.

"போனை என்கிட்ட குடுத்துட்டுத் தள்ளு" என்றாள்.