ஜப்பான்காரன் செம்பு

வாசல்படி ஓரத்தில் இருந்த செம்பை எடுத்து உள்ளே வைக்கப் போனான் அழகுபாண்டி. அப்பா கிடந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மீனா, "அதத் தொடாதடா!" என்று போட்ட சத்தத்தில், துக்கம் கேட்க வந்த விளாங்குடி சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"வெறுஞ்செம்புதானம்மா. ஆளுக கால்ல இடறுது."

வெறுஞ்செம்புதான். மீனா சத்தம் போட்டதும் அதனால்தான்.

அவள் புருஷன் தங்கப்பாண்டி பட்டாளத்துக்காரர். இளவட்டத்தில் அந்தமான் பக்கம் ஆளில்லாத ஒரு தீவில் காவலுக்குப் போட்டிருந்தார்கள். உலகச் சண்டையில் ஜப்பான்காரர்கள் அரண் கட்டிய தீவு. துருவேறிய பீரங்கிகள் இன்னும் கடலைப் பார்த்து நின்றன. ஒரு மழைநாளில், கொடி மூடிய பங்கர் ஒன்றுக்குள் ஒதுங்கினார். உள்ளே சுவரில் சாய்ந்தபடி ஒரு எலும்புக்கூடு. மடியில் மூடி திறந்த தண்ணீர்க் குப்பி, காலியாக. தங்கப்பாண்டி தன் குப்பியைத் திறந்து அந்த எலும்புக்கூட்டின் வாயில் ஊற்றினார்.

"அன்னையிலருந்து எங்கூடவேதான் இருக்கான் மீனா. தண்ணிதான் கேக்குறான். வேற ஒண்ணும் கேக்கல."

கல்யாணமான புதிதில் அவர் இதைச் சொன்னபோது அவள் விளக்கை அணைக்க விடவில்லை. விடிந்ததும் வாசலில் அவனுக்கு ஒரு செம்புத் தண்ணீர் வைக்காமல் அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. வயிற்றில் தங்காமல் போன இரண்டு பிள்ளைகளுக்கும் மீனா அந்த ஜப்பான்காரனைத்தான் திட்டினாள். அவர் படுக்கையில் விழுந்தபிறகு செம்பு வைக்கும் வேலையும் அவள் தலையில் விடிந்தது. முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள்.

இன்று காலை அவருக்கு மூச்சு இழுத்தது. கரண்டியில் தண்ணீரை உதட்டருகே கொண்டுபோனாள்.

"அவனுக்கு வச்சிட்டியா?"

"மொதல்ல நீங்க குடிங்க. அவனுக்குப் பெறகு பாப்போம்."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆத்திரத்தில் அவளும் செம்பு வைக்க எழுந்திருக்கவில்லை. மூடிய வாய் பிறகு திறக்கவே இல்லை.

நீர்மாலைக் குடங்கள் வந்து குளிப்பாட்டி முடித்தார்கள். "வாய்க்கரிசி போடு தங்கச்சி, நேரமாச்சு" என்றார் அண்ணன் மலைச்சாமி. மீனா போட்ட அரிசி, காய்ந்த உதட்டில் நிற்காமல் உதிர்ந்தது.

"இவுக தாகத்தோட போறாகண்ணே."

"அதான் அம்புட்டுத் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டியாச்சேத்தா."

அண்ணனுக்கு எங்கே விளங்கப்போகிறது?

பாடை தெருமுனை தாண்டியதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலை முழுகினார்கள். மீனா ஈரச் சேலையோடு செம்பைப் புளி போட்டுத் தேய்த்தாள். நிரம்பத் தண்ணீர் ஊற்றிப் படியோரத்தில் வைத்தாள்.

"நீ மொதல்ல குடிச்சிடுப்பா. அப்பத்தான் அவுக வாய் தொறப்பாக."

அவனிடம் அவள் திட்டாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு உள்ளே போய், தங்கப்பாண்டி காப்பி குடிக்கும் லோட்டாவில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

பொழுது சாய, சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு வந்த அழகுபாண்டி படியேறும்போது இரண்டையும் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். கால் படாமல் ஒதுங்கி ஏறி, பின்னால் வந்த மலைச்சாமியிடம் திரும்பினான்.

"பாத்து வாங்க மாமா. தண்ணி இருக்கு."