திருத்தப்பட்ட வினைச்சொல்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் வந்து சொல்லவில்லை. செய்தித்தாளில் படிக்கவுமில்லை. நான் அந்த அறையில் இருந்தேன். இருந்தவன் எழுதுவது எளிது என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். ஐந்து தடவை ஆரம்பித்து ஐந்தையும் கிழித்துப் போட்டாயிற்று.

முதல் தொடக்கம் இது: ‘ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஒரு பிரெஞ்சு ஆசிரியை இருந்தாள். கல் மனசுக்காரி.’ பொய். (சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்காக மேசை இழுப்பறையில் எப்போதும் பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பாள். அவளைக் கல் மனசுக்காரி ஆக்கினால் கதை சுலபமாக நடக்கும் என்பதைத் தவிர வேறு நியாயம் என்னிடம் இல்லை.)

மூன்றாவதில் என்னைப் படர்க்கையில் எழுதிப் பார்த்தேன். ‘ஜெர்மன் ஆசிரியன் அன்று விடுப்பில் இருந்தான்.’ வசதியாகத்தான் இருந்தது, இரண்டு பக்கம் ஓடியது. அப்புறம் அவன்...

சரி. விடுப்பில் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

2

எங்கள் பள்ளியில் அந்நிய மொழித் துறை என்பது ஓர் அறை, ஒரு மேசை, இரண்டு பேர். பிரெஞ்சு அவள், ஜெர்மன் நான். வேதியியல் ஆய்வகத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் அறை. இரண்டு வாசனையும் வரும். பதினோரு வருடம் அப்படி எதிரெதிரே உட்கார்ந்து நோட்டு திருத்தினோம். என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள்.

பதினான்கு வயதில் ஒரு மொழியை அ, ஆவிலிருந்து தொடங்கும் பிள்ளையால் என்ன சொல்ல முடியும்? என் வீடு, என் குடும்பம், என் வாரக்கடைசி. பூனை என்ற சொல் தெரிந்துவிட்டால் வகுப்பில் முப்பது பேர் வீட்டிலும் பூனை வந்துவிடும். நாங்களும் அதைத்தான் ஊக்குவிப்போம். வருடா வருடம் முதல் வாரத்தில் இருவரும் சொல்லும் வசனம் இது: “உண்மையா இருக்கணும்னு அவசியமில்ல. தெரிஞ்ச வார்த்தைய வச்சு எழுதுங்க. இலக்கணம் சரியா இருந்தா போதும்.”

அவளுடைய வகுப்பில் ஒரு பெண். பட்டப்பெயர் ‘அகராதி’. “மிஸ், இதுக்கு என்ன வார்த்தை? மிஸ், அதுக்கு என்ன வார்த்தை?” என்று நிமிடத்துக்கு ஒரு தடவை கை தூக்குவாள். பல்பொடிக்கு, ஒட்டடைக்கு, விக்கலுக்கு, எல்லாவற்றுக்கும் கேட்டிருக்கிறாள். ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கேட்கவில்லை.

3

வீட்டுப்பாடம்: ‘என் வாரக்கடைசி’, ஐந்து வாக்கியங்கள். அகராதி பிரெஞ்சில் எழுதியது, தமிழில் இது.

சனிக்கிழமை மழை பெய்தது. என் அம்மா சூப் செய்தாள். அவர் வீட்டுக்கு வந்தார். அவர் என் அம்மாவை உடைத்தார். ஞாயிற்றுக்கிழமை நான் பாடம் படித்தேன்.

(அடிக்குறிப்பு: அந்த மொழியில் அவன், அவர் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இங்கே ‘அவர்’ என்று போட்டது நான். ‘அவன்’ என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். நடந்ததற்குப் பிறகு மரியாதையைக் குறைப்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதனாலேயே திரும்ப ‘அவர்’ ஆக்கிவிட்டேன்.)

பிரெஞ்சு மிஸ் நோட்டை என் பக்கம் தள்ளினாள். “அண்ணா, இதப் பாருங்களேன். அம்மாவ உடைச்சாராம்.”

“அம்மா என்ன கண்ணாடி டம்ளரா?” என்றேன் நான்.

சிரித்தோம். நன்றாகவே சிரித்தோம்.

“என்ன சொல்ல வந்திருப்பா?”

“அடிச்சார்னு இருக்கும். திருத்திக் கொடும்மா.”

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, ‘உடைத்தார்’ என்பதன் குறுக்கே கோடு போட்டு, மேலே ‘அடித்தார்’ என்று எழுதினாள். பத்துக்கு எட்டு.

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘அந்தக் கணம் இருவருக்கும் நெஞ்சில் சுருக்கென்றது.’ எடுத்துவிட்டேன். சுருக்கென்றெல்லாம் ஒன்றும் இல்லை. மணி அடித்தது, அடுத்த வகுப்புக்குப் போனோம்.)

இரண்டு வாரம் கழித்து இறந்தகாலப் பயிற்சி. ‘சனிக்கிழமை அவர் என் அம்மாவை அடித்தார்’ என்று அகராதி எழுதினாள். இந்த முறை பிழையே இல்லை. ‘மிக நன்று’ என்று எழுதிக் கொடுத்தாள் பிரெஞ்சு மிஸ்.

4

அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் அம்மா மாடிப்படியில் விழுந்தாள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனாள். கால் தவறிவிட்டது என்றார் அவளுடைய கணவர்; அம்மாவுக்கு அவர் இரண்டாம் கணவர், பெண்ணுக்கு அப்பா அல்ல. இறந்தவளின் தங்கை நம்பவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள்.

செய்தி வந்த அன்று மதியம் பிரெஞ்சு மிஸ் நோட்டுக் கட்டைப் பிரித்து அந்த ஒரு நோட்டைத் தேடி எடுத்தாள். நின்றுகொண்டே படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“இதக் கொண்டுபோய் போலீஸ்ல கொடுக்கப் போறேண்ணா.”

“யோசிச்சுச் செய்ம்மா. உன் மார்க் இருக்கு, உன் கையெழுத்து இருக்கு. படிச்சுட்டு ஏன் சும்மா இருந்தேன்னு கேப்பாங்க. வேலைக்கே உலை வச்சுக்காத.”

“கேக்கட்டும். அந்தப் பொண்ணு வேற யார்கிட்டயும் சொல்லலண்ணா. நம்மகிட்டதான் சொல்லியிருக்கா.”

அந்த ‘நம்மகிட்ட’ எனக்குப் பிடிக்கவில்லை.

“என் பேர மட்டும் இழுத்துடாத,” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சரி, சார்.”

5

நீதிமன்ற விசாரணைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அகராதி முன்னால் சித்தியின் பக்கத்தில் இருந்தாள். முதலில் அவளைத்தான் கேட்டார்கள். தாய்மொழியில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. இரண்டு தடவை தண்ணீர் கொடுத்தார்கள்; குடித்தாள், அவ்வளவுதான். அதனால் நோட்டுதான் சாட்சி. பிரெஞ்சு மிஸ்ஸைக் கூண்டில் நிறுத்தி, கணவர் தரப்பு வக்கீல் அதைப் பூப்போலப் பிரித்தார்.

“‘உடைத்தார்’னு எழுதினது பொண்ணு. ‘அடித்தார்’னு எழுதினது யாரு?”

“நான்.”

“ஆக, அந்த வார்த்தைய அவளுக்குக் கொடுத்ததே நீங்க.”

“அவ சொல்ல வந்தது...”

“சொல்ல வந்தது வேணாம். அடுத்த பயிற்சியில நீங்க திருத்திக் கொடுத்ததையே திரும்ப எழுதியிருக்கா. சரிதானே? அப்புறம், ‘அவர்’னா யாரு? பேர் இருக்கா?”

“இல்ல.”

“உண்மையா இருக்கணும்னு அவசியமில்லன்னு வகுப்புல சொல்வீங்களாமே?”

“சொல்வேன்,” என்றாள்.

“முதல் தடவை படிச்சப்போ நீங்க என்ன செஞ்சீங்க?”

“சிரிச்சேன்.”

சிரிச்சோம் அல்ல, சிரிச்சேன். தன்மை ஒருமைக்கும் தன்மைப் பன்மைக்கும் வித்தியாசம் சொல்லிக்கொடுத்துப் பதினெட்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரே ஒரு விகுதியில் என்னைக் காப்பாற்றிவிட்டாள். நான் எழுந்து நிற்கவில்லை. போதிய ஆதாரம் இல்லை என்று அந்த மனிதரை விட்டுவிட்டார்கள்.

6

முடிவு எழுத வேண்டும்.

முதல் முடிவில் நான் எழுந்து, “நானும் சிரிச்சேன்,” என்கிறேன். மன்றம் அதிர்கிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. நடக்காத ஒன்றுக்கு வந்த கண்ணீர்.

இரண்டாவதில் பிரெஞ்சு மிஸ்ஸும் அந்தப் பெண்ணும் பேருந்து நிறுத்தத்தில் சந்தித்துக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். என் மனைவி படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. இதுல நீங்க எங்க?” என்று கேட்டாள். அதையும் கிழித்தேன்.

நடந்தது இதுதான். பிரெஞ்சு மிஸ் ராஜினாமா செய்தாள். நான் போன் செய்தால் எடுப்பதில்லை. பள்ளியில் பிரெஞ்சை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளைகளை ஜெர்மனில் சேர்த்தார்கள். சித்தி வீட்டிலிருந்து வந்து போகும் அகராதியும் என் பட்டியலில் இருந்தாள். முதல் நாள், வகுப்பு தொடங்குமுன், பாட மாற்றப் படிவத்தோடு அறைக்கு வந்தாள்.

“சார், ஒரு கையெழுத்து. மொழிப் பாடம் வேணாம். கணினி எடுத்துக்கிறேன்.”

“ஏம்மா? உனக்கு மொழி நல்லா வருமே.”

“அதான் சார் வேணாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். படிவத்தைப் பார்த்தேன். பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் குண்டு குண்டாக நிரப்பியிருந்தாள். ‘காரணம்’ என்ற இடத்தில் மூன்று வெற்றுக் கோடுகள்.

“காரணம் எழுதலையே?”

“எழுதிப் பாத்தேன் சார், வரல. நீங்களே எழுதிக்கோங்க.”

கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வெளியே மாணவர்கள் நாற்காலி இழுக்கும் சத்தம்.

நான் அன்று எழுதியதை இங்கே சொல்லப்போவதில்லை. எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், அவள் படித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனாள். இதுவரை வந்தவர் நீங்கள். நடந்தது எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்கும் தெரியும். பேனா உங்களிடமே இருக்கட்டும். அவள் நிற்கிறாள், சீக்கிரம். மூன்று வரிக்குத்தான் இடம்.

காரணம்: