ஓடைக்கு அப்பால் கூப்பிட்ட பெட்டை

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் பைபிள் மேலும், அதைவிடக் கனமானது ஏதாவது இருந்தால் அதன் மேலும் கைவைத்துச் சத்தியம் செய்யலாம்.

மிசூரி மலைப்பக்கத்தில் எல்வுட் என்றொரு கிழவர் இருந்தார். பெட்டை வான்கோழி போலக் கூப்பிடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தேவதாரு மரத்தில் தானே செதுக்கிய சின்னப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். மூடியை லேசாக உரசினால் போதும், பெட்டைக் குரல் கேட்டுக் காட்டு வான்கோழிச் சேவல் மலை தாண்டி, மாப்பிள்ளை மிடுக்கோடு துப்பாக்கிக்கு முன்னால் வந்து நிற்கும். ஒருமுறை முடிவெட்டும் கடையில் அவர் உரசிக் காட்டியபோது, சுவரில் பாடம் பண்ணி மாட்டியிருந்த சேவல் தோகையை விரித்தது. கடைக்காரரே சாட்சி. அவர் இப்போது உயிரோடு இல்லை.

அந்த வசந்தத்தில், ஏப்ரல் மாதம் வேட்டை தொடங்கிய முதல் காலையே எல்வுட் ஒரு சேவலைச் சுட்டார். அதன் நெஞ்சில் தாடிபோலத் தொங்கிய மயிர்க்கற்றையைக் கொட்டகைக் கதவுக்கு மேல் ஆணியடித்து வைத்தார். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் ஒரு சேவலும் கூவவில்லை. வருஷா வருஷம் குறைந்துகொண்டே வந்ததுதான். இந்த முறை ஒரேயடியாக அடங்கிவிட்டது.

மே மாதக் கடைசியில் தீவனப் புல் அறுக்கப் போனவர், டிராக்டரை வயல் நடுவே நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தார்.

"என்ன, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றாள் மனைவி ஓலீட்டா.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. புல்லுக்குள்ள ஒரு பெட்டை அடை படுத்திருக்கு. சக்கரம் ஒரு முழம் தள்ளி நின்னுச்சு, எந்திரிக்கலியே அவ! என்னை ஒரு பார்வை பாத்தா பாரு, உங்கம்மா பாக்குற மாதிரியே."

"அதைச் சுத்திக் கொஞ்சம் விட்டுட்டு மிச்சத்தை அறுக்க வேண்டியதுதானே?"

"மொட்டை வயல்ல ஒரு கொத்துப் புல் மட்டும் நின்னா, முட்டை திருடித் திங்கிற ரக்கூனுக்கு மேசை போட்டு வச்ச மாதிரி. நேரா அங்கதான் வரும். இந்தக் குஞ்சுங்க பொழைச்சாத்தான் நம்ம பக்கம் இனிமே வான்கோழி. இல்லேன்னா நான் கண்ணை மூடுற வரைக்கும் ஒரு கூவல் கேக்கப்போறதில்ல."

"பனிக்காலத்துல மாடு எதைத் திங்கும், உன் கூவலையா?"

வயல் முழுவதையும் அறுக்காமல் விட்டார்.

நாயைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, குரைப்பதைச் செப்டம்பருக்குத் தள்ளிவைக்கச் சொன்னார். அதுவும் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டது. கூட்டுப் பக்கம் நெளிந்து வந்த கறுப்புப் பாம்பைக் கவட்டைக்கோலில் தூக்கிப்போய், அடுத்த மாவட்டத்தில் மன்னிப்புக் கேட்டு இறக்கிவிட்டார். ரக்கூன்களுக்குத் தன் சோளக்காட்டையே திறந்துவிட்டார். அவை தின்று கொழுத்து, மரமேற முடியாமல் ஏணி தேடின. ஆலங்கட்டி மழை பெய்த மாலையில் பெட்டைக்கு மேலே தன் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பி அவளுக்கு, மண்டை மழைக்கு.

புல் முற்றி, விதை கொட்டிச் சாய்ந்தது. குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. அவள் இன்னும் படுத்தேயிருந்தாள். எலும்பு தெரிய இளைத்து, நெஞ்சிறகு உதிர்ந்து, வெயிலில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். ஜூலையில் ஒரு நாள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் நடந்துவிட்டாள்.

எல்வுட் முழங்காலிட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதருகே ஆட்டினார். உள்ளே தண்ணீர் தளும்பியது.

ஓடைக்கு அந்தப்புறம் நிலம் வைத்திருந்த ஹாலிஸ் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேலியோரம் வந்து நின்றார். வாலிப வயதிலிருந்தே இருவருக்கும் வேட்டையில் போட்டி.

"என்ன கெழவா, மிச்ச அடையை நீயே காக்கப் போறியா? உன் உடம்புக்கு அந்தக் கூடு பத்தாதே."

எல்வுட் சிரிக்கவில்லை. முட்டையை உடைத்தார். நாற்றமெடுத்த மஞ்சள் நீர். குஞ்சின் சுவடே இல்லை, ஒரு ரத்தக்கோடுகூட இல்லை. இன்னொன்றும் அப்படியே.

ஹாலிஸின் குரல் இறங்கிவிட்டது. "அத்தனையும் கூமுட்டை. சேவல் சேரவே இல்ல எல்வுட். இந்தப் பக்கம் சேவலே இருந்திருக்காது."

"இருந்துச்சே! முதநாள் காலைல நான் சுட்டேனே. நீகூட ஓடைக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டுக்கிட்டிருந்தே. அது உன் பக்கமாத்தான் திரும்புச்சு. விடுவேனா? நான் பெட்டியை இன்னும் நல்லா உரசி இங்க இழுத்தேன்."

"நான் கூப்பிட்டேனா? இடுப்பெலும்பு மாத்திக்கிட்டு ஏப்ரல் பூரா மக வீட்டுல படுத்துக் கெடந்தேன்."

"வெளையாடாத ஹாலிஸ். தொண்டை கட்டின மாதிரி, தாளம் தப்பித் தப்பி... அவ்வளவு மோசமா கூப்பிட உன்னை விட்டா யாரு..."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது, அன்று கூப்பிட்டது மனுஷன் இல்லை. நிஜப் பெட்டைக்குச் சந்தைப் போட்டியில் பரிசு வாங்கும் அளவுக்குக் கூப்பிடத் தெரியாது.

ஹாலிஸ் வேலிக்கம்பியைப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்தார்.

அன்று மாலை எல்வுட் மரப்பெட்டியை அடுப்பில் போட்டார். சேவலின் தாடியைக் கழற்றக் கொட்டகையில் ஏணி வைத்து ஏறியவர், கழற்றாமலே இறங்கினார். பனி விழுந்ததும் புல் இல்லாத மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. அப்போதே சொன்னேனே என்று ஓலீட்டா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

அடுத்த ஏப்ரலில், விடியும் நேரம், துப்பாக்கி இல்லாமல் வாசற்படியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஓடைக்கு அப்பாலிருந்து கடகடவென்று ஒரு சேவலின் கூவல் வந்தது. கோப்பை கையிலிருந்து நழுவியது. மறுபடியும் கூவல்.

"ஓலீட்டா! கேட்டியா? இருக்கு! ஒண்ணு மிச்சம் இருக்கு!"

அது கொஞ்சம் கரகரத்து, தாளம் தப்பித்தான் வந்தது. நிஜமானது அப்படித்தான் இருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று முழுக்க ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போன கிறிஸ்துமஸின்போது ஹாலிஸுக்கு அவருடைய மகள் பரிசாக வாங்கிக் கொடுத்தது, சேவல் வான்கோழி போலக் கூவும் ஊதுகுழல்.