நூறு கோடியே ஏழு

என் தம்பி தர்மசீலன் கணித வாத்தியார். ஓர்ஸ் ஹில் வீட்டில் இருந்துகொண்டு பதினொரு வருடம் ஒரே எண்ணை வகுத்தவன்: 1000000007, நூறு கோடியே ஏழு. அது முதன்மை எண், ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது என்பதைக் கையாலேயே நிறுவவேண்டும் என்று பிடிவாதம். கணினி ஒரு நொடியில் சொல்லும் என்றார்கள். "கணினியை ஆர் கேட்டது?" என்றான். மூவாயிரத்து நானூற்றொரு வகுத்தல்கள். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. முடித்த அடுத்த மாதம் இறந்துபோனான்.

முப்பத்தோராம் நாள் நினைவுமலரின் அட்டையில் அந்த எண் இருக்கவேண்டும் என்றேன். மற்ற வீடுகளில் செத்தவர்கள் எல்லாரும் மேதைகள். எங்கள் வீட்டில் ஆதாரம் இருக்கிறது.

துறைமுகத்தில் முப்பது வருடம் எந்தக் கப்பல் எங்கே நிற்பது என்று தீர்மானித்தவன் நான். அப்படிப்பட்டவன் அச்சக வேலையைத் தங்கையின் கணவர் மூத்ததம்பியிடம் கொடுத்தேன். எண்சாத்திரம் பார்த்துத் தன் கையெழுத்தை மூன்று தரம் மாற்றியவர் அவர். அதிர்ஷ்டம் இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறது.

முப்பத்தோராம் நாள் காலை மலர்க்கட்டைப் பிரித்த தம்பியின் மகள் சுதர்சிகா, அட்டையைப் பார்த்தபடி நின்றாள்.

"பெரியப்பா, நடுவில ஒரு பூச்சியம் ஒண்டாயிருக்கு."

1000100007.

மூத்ததம்பி கதிரையை விட்டு எழும்பவில்லை. "ஓம், நான்தான் மாத்தினனான். இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கோ மச்சான், எட்டு வருது. சனியன்ட எண். அதை அடிச்சு முந்நூறு பேருக்குக் குடுக்க ஏலுமே? இப்ப ஒன்பது. அதுவும் பூச்சியத்தைத்தானே மாத்தினனான், பெறுமதியான இலக்கம் ஒண்டையும் தொடேல்லை."

"மாமா, கூட்டினா ஒன்பது வருகுதெண்டா அந்த எண் ஒன்பதால பிரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்." அவள் கடதாசியில் வகுத்துக் காட்டினாள்: 111122223, மீதி இல்லை.

மூத்ததம்பி அதையும் விரலில் கூட்டினார். "ஆறு வருது. ஆறும் நல்லதுதான், சுக்கிரன்."

பதினொரு வருடம் உழைத்தவனுக்கு ஒன்பதாம் வாய்பாடு தெரியாது என்று ஊரில் கதை போகும். பேனையை மூத்ததம்பியின் கையில் கொடுத்து, ஒன்றைப் பூச்சியமாக்கச் சொன்னேன். நாற்பது மலர் திருத்துவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். கிண்ணியா அபூதாஹிர், தம்பியிடம் படித்துக் கணித ஆசிரியரானவர், திருத்தாத மலர் ஒன்றை எடுத்தார். உதடு அசைந்தது. கூட்டுகிறார்.

"சேர் இப்பிடிப் பிழை விடமாட்டாரே," என்றார்.

வீட்டு மடைமையை வீட்டுக்குள்ளே வைத்திருப்பது எங்கள் வழக்கம். ஆனால் அன்று ஒருவர் மடையராக வேண்டியிருந்தது, செத்தவன் எழும்பி வந்து விளக்கம் சொல்லமாட்டான். சபையில் எழுந்து, எண்ணை மாற்றியது யார், ஏன் என்று பெயரோடு சொன்னேன். மூத்ததம்பி குசினிப் பக்கம் போய்விட்டார். தங்கை இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தால், சனம் ஒன்பது வருகிற மலராகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருந்தது. திருத்திய நாற்பதும் அப்படியே கிடந்தன.

"இந்த நாற்பதையும் என்ட வகுப்புக்குக் கொண்டு போகட்டே?" என்று கேட்டார் அபூதாஹிர். "பிள்ளைகள் நாற்பத்திரண்டு. ரெண்டு பேர் பக்கத்துப் பிள்ளையோட பங்கிட்டுப் பாப்பினம்."

மிஞ்சிக் கிடந்த ஒன்பதில் இரண்டு மலரை எடுத்து நானே திருத்திக் கொடுத்தேன்.