நல்லாத்தான் போச்சு

முழங்கை மடிப்பில் நரம்பு பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. பெரியவள் பட்டையை அவிழ்த்து, சற்று மேலே மறுபடி கட்டினாள். நாற்காலியில் இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோரும் அப்படித்தான். ரத்தம் எடுக்க வருகிறவர்களில் யாருடைய முகமும் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை, கைகள்தான் நிற்கும்.

பரிசோதனைக்கூடத்தின் மூலையில், ஸ்டூலின் நுனியில், அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள். சின்னவள் பள்ளியை முடித்துவிட்டாள். என்ன படிப்பது என்று இந்த வாரத்துக்குள் முடிவாக வேண்டும். அக்கா வேலை செய்வதை ஒரு நாள் பக்கத்திலிருந்து பார்த்தால் தானாகத் தெளிவு பிறக்கும் என்று அப்பாதான் காலையில் கூட்டிவந்தார். விட்டுவிட்டுப் போகவும் மனமில்லாமல் எதிர்க்கடை வாசலில் காத்திருந்தார்.

சின்னவளுக்குப் பூச்சிகள்தான் உயிர். குளியலறை ஜன்னலில் குளவி மண்கூடு கட்டியபோது, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை யாரையும் ஜன்னலைச் சாத்த விடவில்லை. விலங்கியல் படிக்கிறேன் என்று அவள் சொன்னபோது அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பூச்சிக்கு யாரும்மா சம்பளம் தருவா என்று நிஜமான கவலையோடு கேட்டார். பேச்சு வழக்கம்போலப் பெரியவளிடம் வந்து நின்றது. படித்த கையோடு வேலை, ஒரு நாள் சும்மா இருந்தாளா?

பெரியவள் படிக்கப் போனபோது எது பிடிக்கும் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது யாராவது கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பதிவு மேசையில் இருப்பவள், 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவள், கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"என்ன, தங்கச்சியையும் இறக்கிட்டியா? குடும்பமா ரத்தம் குடிக்கிறாங்கன்னு வாசல்ல போர்டு மாட்டிரலாம்."

சின்னவள் சிரித்தாள். கூட்டம் ஓய்ந்திருந்தது. பெரியவள் ரத்தம் எடுத்த குழாய்களை இயந்திரத்தில் அடுக்கிச் சுழலவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள்.

"முடிவு பண்ணிட்டேன்க்கா. நானும் இதையே படிக்கிறேன்."

"பூச்சி?"

"அது எங்க போயிடப் போகுது. லீவுல பாத்துக்கறேன்." சின்னவள் தோளைக் குலுக்கினாள். "நீ ஒரு நாள்கூட அலுத்துக்கிட்டதில்லையே. எப்பக் கேட்டாலும் நல்லாத்தான் போச்சுன்னுதான் சொல்லுவ. உனக்கு ஒத்துவந்தது எனக்கு வராதா?"

தினமும் பெரியவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, இன்னைக்கு எப்படிப் போச்சு என்று அப்பா கேட்பார். வேறு என்ன சொன்னாலும் அதிலிருந்து இன்னொரு கேள்வி முளைக்கும், அதற்கு ஒரு பதில் தேட வேண்டும். இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டால் போய்ப் படுக்கலாம். அந்த இரண்டு வார்த்தையை வீடு இத்தனை பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை.

"பேச அலுப்பா இருக்கும்டி. அதான் அப்படிச் சொல்லுவேன்."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். "எப்பலேருந்து?"

"சேர்ந்ததுலேருந்து."

இயந்திரம் வேகம் தணிந்து நின்றது. பெரியவள் மூடியைத் திறக்கவில்லை.

"அப்ப நான் என்னக்கா பண்றது?"

அதில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. பூச்சியை நம்பிப் போ, நான் இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படித் துணையாக இருக்க முடியுமா என்பதே அவளுக்குத் தெரியாது.

"தெரியல. ஆனா என்னைப் பாத்து முடிவு பண்ணாத."

"அதை அப்பாகிட்ட நீ சொல்லு. நான் சொன்னா, படிக்க உடம்பு வணங்காம சாக்கு சொல்றேன்னுதான் நினைப்பார்."

ரேடியோவிடம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். சின்னவள் படியிலேயே நின்றுவிட்டாள். பெரியவள் மட்டும் தெருவோரம் வரை போனாள். எதிர்க்கடை பெஞ்சில் இருந்த அப்பா அவளைக் கண்டதும் எழுந்தார். கைக்குட்டையால் பெஞ்சைத் தட்டித் துடைத்துவிட்டு, ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார். நீளமான லாரி ஒன்று குறுக்கே வந்து அவரை மறைத்தது. அது மெதுவாக நகர்ந்து விலகியபோதும் அவர் முகம் நிறையச் சிரிப்போடு, பக்கத்து இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.