ஆற்றின் கையிலிருந்த சீட்டுகள்

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூடத்து மேசையில் மாமியார் உட்கார்ந்து மடிக்கணினியில் விளையாடிக்கொண்டிருக்க, அவள் குட்டி போட்ட பூனை மாதிரி அடுக்களைக்கும் கூடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. இருந்தும் போய்ப் போய், அணைத்தோமா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

வாயில் பேனா மூடி. அது கொழுந்தன் போட்ட சட்டத்தால் வந்த வினை. ஒருவர் விளையாடிப் பார்க்கும்போது, விளையாட்டைச் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. 'அங்க அழுத்துங்க', 'இது இன்னும் முடியல, போகப் போக நல்லா வரும்' என்றெல்லாம் ஆரம்பித்தால் சோதனையே பாழ். நாளைக்கு வாங்குகிற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவா முடியும்? அவளுக்கோ வாய் சும்மா இருக்காது. அதனால் எதையாவது கடித்துக்கொள்வது என்று ஏற்பாடு.

அத்தை கொட்டாவி விட்டார். அவள் மூடியை நறுக்கென்று கடித்தாள்.

"முடிஞ்சுதாப்பா?" என்று இளைய மகனைக் கேட்டார் அத்தை. "மாடியில துணி கிடக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

அவளும் கொழுந்தனும் சேர்ந்து கணினி விளையாட்டுகள் செய்கிறவர்கள். நிறுவனம் என்பது பெரிய வார்த்தை. கூடத்து மேசையும் ஆளுக்கொரு நாற்காலியும்தான் அலுவலகம். யோசனை அவளுடையது, நிரல் எழுதுவது அவன். இருவரும் செய்த முதல் விளையாட்டை ஒன்றரை வருடம் யார் கண்ணிலும் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்து, மேகத்துக்கெல்லாம் நிழல் போட்டு வெளியிட்டார்கள். சீந்துவாரில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரே பிடியாக நின்றுவிட்டான். எந்த யோசனையானாலும் முதலில் தாளில். காலையில் தோன்றினால் மாலைக்குள் அட்டையை வெட்டி, அகப்பட்டவரைப் பிடித்து உட்கார வைத்து ஆடவிட்டுவிட வேண்டும்.

"சாகிறது தாள்லயே சாகட்டும் அண்ணி. அழறதுக்கு ஒரு சாயங்காலம் போதும்" என்பான்.

அப்படி அவளுடைய யோசனைகள் எத்தனையோ குப்பைக்கூடைக்குப் போயின. பறக்கும் கடைவீதி, குடைகளின் போர், தூக்கத்தில் நடக்கிற தபால்காரர். அவளும் மனதைத் தேற்றிக்கொள்ளப் பழகிவிட்டாள்.

ஆனால் படகு பிழைத்துக்கொண்டது. நீல அட்டைதான் ஆறு, தீப்பெட்டி படகு, பாட்டில் மூடிகள் பயணிகள். எல்லாரையும் அக்கரை சேர்க்க வேண்டும், ஒரு நடைக்கு எத்தனை பேரை ஏற்றுவது என்பது ஆடுகிறவர் பாடு. நிறைய ஏற்றினால் சீக்கிரம் முடியும், கவிழ்கிற பயமும் கூடும். படகு ஒவ்வொரு கட்டம் நகரும்போதும் ஆறு ஒரு சீட்டு போடும். அமைதி, காற்று, இல்லாவிட்டால் சுழல். காற்றில் படகு ஆடும், ஆனால் தாங்கும். பாரம் ஏற்றிய படகு சுழலில் மாட்டினால் தொலைந்தது. தாளில் கணினி ஏது? கணினியின் வேலையை ஓர் ஆள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும். அந்த ஆள் அவள். சீட்டுகளை விசிறியாக விரித்துப் பிடித்துக்கொண்டு இடது ஓரத்திலிருந்து வரிசையாகப் போட வேண்டும், ஆற்றின் வேலை அவ்வளவே.

அன்று அத்தை மேசையைத் தட்டித் தட்டி ஆடினார். கடைசிப் பயணி கரையேறியபோது நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். கீழ்வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தவர், "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று சொல்லிச் சொல்லித் துணி வாங்க வந்தவர்களை வாசலில் காக்க வைத்தார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே படகுதான் இப்போது கணினியில் வெறும் வண்ணக் கட்டங்களாக ஓடியது. கொழுந்தன் அவசர அவசரமாக ஒப்பேற்றியது. தையல்காரம்மா நேற்று பாதியிலேயே, "அடுப்புல பால் இருக்கு" என்று நழுவினார். இன்று அத்தையின் கொட்டாவி.

மாலைக்குள் முடிவு செய்தாக வேண்டும். இனி ஒரு வருடம் இருவரும் உட்காரப்போவது அவளுடைய படகுக்கா, கொழுந்தன் முதல்முறையாகத் தானே யோசித்த எறும்புப் புற்று விளையாட்டுக்கா? இரண்டையும் செய்ய ஆளும் இல்லை, தெம்பும் இல்லை. எறும்புக்கு யாரும் மேசையைத் தட்டவில்லைதான். கொட்டாவியும் விடவில்லையே.

அத்தை படியேறியதும் அவள் பேனா மூடியைத் துப்பினாள்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"நீங்க சொன்னதைத்தான் அண்ணி."

"நான் சொன்னதா? தாள்ல எழுந்து நின்னு ஆடினாங்க. நீ கை வச்சதும் தூங்கி வழியறாங்க!"

"அதே விதி. அதே சீட்டு. ஒண்ணையும் மாத்தல."

"உன் எறும்பு ஜெயிக்கணும்னு என் படகுல ஓட்டை போட்டுட்டியா?"

சொன்னதுமே, கீழ்வீட்டுக்குப் போய் வாயைத் தைத்துக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது. அவன் பதிலுக்குக் கத்தியிருந்தால் சரிக்குச் சரியாகப் போயிருக்கும். கத்தவில்லை. முகம் மட்டும் சிறுத்துப்போனது. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு கடுஞ்சொல் பேசாதவன்.

"அம்மா வந்ததும் நீங்க மறுபடி ஆறா உட்காருங்க. நான் போன்ல படம் பிடிக்கிறேன். எங்க வித்தியாசம்னு பாத்துடலாம்" என்றான்.

"நல்லாப் பிடி. உன் வண்டவாளம் வெளிய வரட்டும்."

அத்தை துணிமூட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு, அலுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மேசை அதிர்ந்தது. படகு கரை சேர்ந்ததும், "இது விளையாட்டு! அந்தப் பெட்டியில இருக்கிறது என்னவோ" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அவள் கொழுந்தனை ஒரு பார்வை பார்த்தாள்.

அவன் போனை அவள் முன் வைத்து ஓடவிட்டான்.

அத்தையின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம். அவளுடைய முகமும், கையில் விரிந்த சீட்டுகளின் முதுகும் தெரிந்தன. சுழல் சீட்டுகள் இரண்டின் முதுகில் மட்டும் தேநீர்க் கறை. செய்த அன்றே அவள் கொட்டியது. படகையே பார்த்து ஆடும் அத்தை அதைக் கவனித்ததே இல்லை.

இடது ஓரத்தில் கறைச் சீட்டு. அவள் கை அதற்குப் போனது. படகு நிறைய ஆட்களை ஏற்றிவிட்டு அத்தை உதட்டைக் கடித்திருந்த நேரம் அது. கை நின்றது. கண் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தது. பிறகு கை தன்பாட்டுக்கு நடுவே போய் வேறொரு சீட்டை உருவியது. கொஞ்சம் கழித்து, பாரமில்லாத படகோடு அத்தை அலட்சியமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். உடனே கை வரிசையைத் தாண்டிப் போய்க் கறைச் சீட்டைத் தேடி எடுத்துப் போட்டது. அந்தக் கை அவளுடையதுதான். மோதிரம்கூட அவளுடையது.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் வேணும்னு பண்ணல."

"தெரியும் அண்ணி."

"விளையாட்டு நல்லா இல்ல. நான் பண்ணின திருட்டுதான் நல்லா இருந்திருக்கு."

அவன் தலையாட்டினான். ஒரு பேச்சுக்காவது இல்லை என்பானா, அழுத்தக்காரன். அவள் பாட்டில் மூடிகளை அள்ளிக் குப்பைக்கூடையை இழுத்தாள். அழுவதற்கு ஒரு சாயங்காலம் என்றானே, இதுதான் போல.

"எறும்பையே செய்வோம். உன்னை அப்படிச் சொல்லிட்டேனே, அதுக்கு..."

"இருங்க." அவன் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டிருந்தான். "கை கிடக்கட்டும். உங்க மூஞ்சியைப் பாருங்க."

பார்த்தாள். பேனா மூடியைக் கடித்தபடி ஒருத்தி. கண் மின்னுகிறது. அத்தை ஆள் ஏற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், கரை சேர்ந்ததும் இருந்த இடத்திலேயே துள்ளுகிறாள். இத்தனை மாதமாக வீட்டில் யாரும் அந்த முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

"அம்மாவை விட நீங்கதான் ஆடியிருக்கீங்க" என்றான். "படகை ஒருத்தர் கையில குடுத்தோம். ஆத்தையும் இன்னொருத்தர் கையில குடுத்துட்டா?"

"வரிசை?"

"வரிசையே வேண்டாம். எதைப் போடறதுன்னு ஆறே முடிவு பண்ணட்டும்."

"கவிழ்க்கணுமா, கரை சேர்க்கணுமா?"

"அதையும்தான்."

"நிக்குமா இது?"

"யாருக்குத் தெரியும்? ஆடிப் பாத்துடலாம். நீங்க படகு, நான் ஆறு."

கூடையிலிருந்து மூடிகள் திரும்பி வந்தன. எதிர்ப்பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பதற்றத்தில் கைக்கு வந்த மூடிகளையெல்லாம் தீப்பெட்டியில் ஏற்றிவிட்டாள். படகு அப்பட்டமாகக் கவிழத் தயாராக நின்றது. பழக்கதோஷத்தில் பேனா மூடியும் வாய்க்குப் போய்விட்டது.

கொழுந்தன் சீட்டுகளை விரித்தான். இரண்டு கறைகளும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அவன் விதியை அட்சரம் பிசகாமல் பார்க்கிறவன். இப்போதோ விதியும் கையைக் கட்டவில்லை. இன்று அவள் பேசிய பேச்சுக்கு அவளை மூழ்கடித்தாலும் கேட்க முடியாது.

அவன் விரல்கள் கறைச் சீட்டின்மேல் போய் நின்றன. கண்ணை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் மூடியை இறுகக் கடித்தாள்.

விரல்கள் நகர்ந்து அடுத்த சீட்டை உருவின.

"காத்து" என்றான்.

அவள் மேசையைத் தட்டினாள்.